ஐ3 லெப்டொப்பில் ஐ7 புரொசசர் போடலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். மாமா கொடுத்த பழைய லெப்டொப்பில் கோர் ஐ3-2350எம் புரொசசர் இருக்கிறது, ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் வாங்கிய நாளில் வந்தது. தங்கச்சி உயர்தரம் படிக்கிறார், சூம் வகுப்பு, நோட்ஸ் தட்டுவது எல்லாம் அதில்தான். கண்டியில் ஒருவர் பாவித்த ஐ7-3632கியூஎம் புரொசசரை விற்கிறார். "ரெண்டாம் தலைமுறைக்கும் மூன்றாம் தலைமுறைக்கும் ஒரே சொக்கெட்தான், யோசிக்காமல் போடலாம்" என்று சொல்லிச் சனிக்கிழமைக்குள் முற்பணம் கேட்கிறார். போடலாமா என்பது உங்கள் கேள்வி. நண்பரின் ஐ3-5005யூ லெப்டொப்பையும் அப்படி மாற்றலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. அந்த சிப் உங்கள் மெஷினில் ஓடுமா என்பது ஒன்று. ஓடினாலும் தங்கச்சியின் வேலை வேகமாகுமா என்பது மற்றது. முதலாவதற்கு ஒரு சதமும் செலவில்லாமல், பெரும்பாலும் லெப்டொப்பைத் திறக்காமலேயே பதில் கண்டுபிடிக்கலாம். இரண்டாவதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஹட்டனில் பதினாறு வருடமாக லெப்டொப் பழுது பார்க்கிறேன். உங்கள் மெஷினை நான் பார்க்கவில்லை, மாடல் நம்பரையும் நீங்கள் எழுதவில்லை. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகச் சொல்கிறேன், மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளும் வழியைச் சொல்கிறேன்.

நண்பரின் லெப்டொப்பை முதலில் முடித்துவிடலாம். மாற்ற முடியாது. 5005யூ என்பதில் கடைசியில் வரும் 'யூ' எழுத்துதான் விஷயம். அந்த வகை சிப்புகள் மதர்போர்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை, சிப்பைக் கழற்றி மாட்டும் இருக்கையான சொக்கெட்டே அவற்றுக்குக் கிடையாது. லெப்டொப்புக்கென்று செய்த இன்டெல் புரொசசர்களில் நான்காம் தலைமுறையோடு சொக்கெட் முடிந்துபோனது. 2015இல் வந்த ஐந்தாம் தலைமுறையிலிருந்து எல்லாமே ஒட்டியவை. ஏஎம்டி ரைசன் லெப்டொப்புகளும் அப்படியே. வெப்பக் காற்று மெஷின் வைத்து ஒட்டிய சிப்பையும் எடுத்து மாற்றும் ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள், ஆனால் அது செத்த போர்டுக்கு உயிர் கொடுக்கச் செய்யும் வைத்தியம். ஓடிக்கொண்டிருக்கும் லெப்டொப்பை வேகமாக்க அந்த வழிக்குப் போக வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

உங்களுடையது வேறு கதை. ஐ3-2350எம் இரண்டு வடிவத்தில் வந்தது. ஒன்று 988 பின் உள்ள, சொக்கெட்டில் கழற்றி மாட்டக்கூடியது. மற்றது 1023 புள்ளிகளோடு போர்டில் ஒட்டியது. பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான், இன்டெல் இணையத்தளத்திலும் இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திறந்தால் முதல் பக்கத்தில் 'பெக்கேஜ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 988 என்று வந்தால் சொக்கெட், 1023 என்று வந்தால் ஒட்டியது, கதை அங்கேயே முடிந்தது. நான் பார்த்த அளவில் அந்த வரி பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லும். ஆனாலும் காசு கொடுக்கும் முன் அடிமூடியைக் கழற்றி, சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் ஓரத்தில் சொக்கெட்டின் பூட்டு ஸ்க்ரூ தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் எனக்குத் திருப்தி.

988 என்றே வந்ததாக வைத்துக்கொள்வோம். உங்கள் 2350எம் இரண்டாம் தலைமுறை, அவருடைய 3632கியூஎம் மூன்றாம் தலைமுறை. ஒரே சொக்கெட் என்று விற்பவர் சொன்னது பொய் இல்லை. இரண்டாம் தலைமுறையும் மூன்றாம் தலைமுறையும் அதே சொக்கெட்டில்தான் உட்காரும், பின் ஒன்றும் இடிக்காது. ஆனால் உட்கார்வது வேறு, ஓடுவது வேறு. இந்த வித்தியாசத்தை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

கடை தொடங்கிய புதிதில் கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். ஐ3 லெப்டொப், ஐ5 ஆக்க வேண்டும் என்றார். சொக்கெட்டைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்றாம் தலைமுறை ஐ5-3210எம் ஒன்றை எடுப்பித்துப் போட்டேன். பவர் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. ரேமைக் கழற்றிப் பூட்டினேன், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் பேஸ்ட்டைத் துடைத்துத் திரும்பவும் போட்டேன், கடைசியில் பழைய ஐ3யை வைத்ததும் லெப்டொப் உடனே எழும்பியது. புரொசசரை மற்றப் பாகங்களோடு இணைக்கும், போர்டில் ஒட்டிய சிப்பைச் சிப்செட் என்பார்கள். அந்தப் போர்டில் இருந்த சிப்செட் எச்எம்65. அதை நான் பார்க்கவே இல்லை. வாங்கிய இடத்தில் ஐ5யைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆசிரியரிடம் அந்தக் காசை வாங்க எனக்கு மனம் வரவில்லை, பிழை என்னுடையது.

என்ன நடந்தது என்றால், எச்எம்65, எச்எம்67, கியூஎம்67 எல்லாம் 6ஆம் வரிசை சிப்செட்டுகள், 2011இல் இரண்டாம் தலைமுறையோடு வந்தவை. அந்தப் போர்டுகளுக்குள் இருக்கும் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற உள் மென்பொருள் 7ஆம் பதிப்பு. மூன்றாம் தலைமுறை சிப்புக்கு 8ஆம் பதிப்பு வேண்டும், அதோடு லெப்டொப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயோஸுக்குள் அந்த சிப்பைத் தெரிந்துகொள்வதற்கான குறிப்பும் இருக்க வேண்டும். சில மாடல்களுக்கு மட்டும் தயாரித்தவர்கள் பின்னால் பயோஸ் அப்டேட் விட்டு அதற்கு வழி செய்தார்கள், பெரும்பாலான வீட்டுப் பாவனை லெப்டொப்புகளுக்கு விடவில்லை. 2012இல் வந்த 7ஆம் வரிசையில் எச்எம்75, எச்எம்76, எச்எம்77 மூன்றும் இரண்டு தலைமுறையையும் ஏற்கும். ஐ3-2350எம் இந்த இரண்டு வகைப் போர்டுகளிலும் வந்திருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு ஆம், இல்லை என்று நேரடியாகச் சொல்ல முடியவில்லை. அதே சிபியு-இசட்டில் 'மெயின்போர்ட்' பக்கத்துக்குப் போங்கள். 'சவுத்பிரிட்ஜ்' என்ற வரியில் சிப்செட்டின் பெயர் இருக்கும், கீழே பயோஸ் பதிப்பும் திகதியும் இருக்கும். எச்எம்65 என்று இருந்தால், உங்கள் மாடலுக்கு மூன்றாம் தலைமுறை அப்டேட் வந்ததாக அந்தக் கம்பனியின் இணையத்தளத்திலேயே எழுதியிருந்தால் ஒழிய, கண்டிக்காரரின் சிப்பை விட்டுவிடுங்கள்.

7ஆம் வரிசையிலும் ஒரு பொல்லாத விதிவிலக்கு இருக்கிறது. எச்எம்70. உங்களுடையது கோர் ஐ3யோடு ஓடுவதால் அது எச்எம்70 ஆக இருக்க முடியாது, ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செலரோன், பென்டியம் லெப்டொப்புகளில் இருக்கும் சிப்செட் அது, கோர் ஐ வரிசையை ஏற்காது. ஆனால் ஏற்காததை முதலில் காட்டாது. மஸ்கெலியாவில் இருந்து வந்த ஒரு பையனின் பென்டியம் லெப்டொப்பில் ஐ3 ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் திறந்தது, பாட்டு ஓடியது, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து அனுப்பிவிட்டேன். அவர் பஸ் ஏறி வீட்டுக்குப் போய் இரவு ஃபோன் எடுத்தார். "அண்ணா, சரியா அரை மணித்தியாலத்துல நிக்குது. திரும்பப் போட்டா திரும்ப அரை மணித்தியாலம்." சூடு என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கோர் ஐ சிப்பைக் கண்டால் முப்பது நிமிடத்தில் மெஷின் அணைந்துவிடும் என்பது எச்எம்70இன் அமைப்பு, அதற்கு மருந்து இல்லை. அன்றிலிருந்து புரொசசர் மாற்றிய லெப்டொப் எதையும் இரண்டு மணித்தியாலம் ஓடவிடாமல் நான் ஆளிடம் கொடுப்பதில்லை.

சிப்செட் சரி என்றால் அடுத்தது பயோஸ். எனக்குத் தெரிந்து இதற்கு நம்பகமான சாட்சி ஒன்றே ஒன்றுதான், உங்கள் மாடலின் சேர்விஸ் கையேடு. எச்பி, டெல், லெனோவா போன்றவர்கள் இதை இலவசமாகவே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். லெப்டொப்பின் அடியில், அல்லது பேட்டரிக் குழிக்குள் இருக்கும் முழு மாடல் நம்பரைத் தேடினால் கிடைக்கும். அதில் அந்த மாடல் எந்தெந்தப் புரொசசரோடு விற்கப்பட்டது என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் வாங்கப்போவது அதில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். முழுப் பயமும் போகாததற்குக் காரணம், ஒரே கையேட்டில் இரண்டு மூன்று வகைப் போர்டுகள் சேர்ந்திருக்கும். நான்கு கோர் சிப்புக்குப் பக்கத்தில் 'தனி கிராபிக்ஸ் உள்ள மாடலுக்கு மட்டும்' என்று சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அந்த மாடலுக்கு ஹீட்சிங்கே வேறாக இருக்கும். அந்த வரியை வாசிக்காமல் பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். பட்டியலில் இல்லாவிட்டால் ஓடாது என்றும் சொல்லமாட்டேன். அதே தலைமுறை, அதே வாட் அளவு, அதே இரண்டு கோர் என்றால் பட்டியலில் இல்லாத சிப்பும் ஓடியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அது நம் பொறுப்பில் செய்யும் வேலை, கடைக்காரர் திருப்பி எடுப்பதாகச் சொன்னால் மட்டும் செய்ய வேண்டியது.

பயோஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் ஒன்று. நம் பக்கத்தில் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் இடி மின்னல்தான், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. காலையில் செய்யுங்கள், பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், அடப்டரும் குத்தியிருக்க வேண்டும். பேட்டரி செத்த லெப்டொப்பில் பயோஸைத் தொடவே தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

அப்புறம் வாட், அதாவது சிப் எவ்வளவு கரண்ட் இழுத்துச் சூடாகும் என்ற அளவு. உங்கள் ஐ3 35 வாட். கண்டிக்காரரின் 3632கியூஎம், நான்கு கோர் இருந்தும் 35 வாட்தான், அந்த வகையில் அவர் நல்ல சாமானைத்தான் வைத்திருக்கிறார். ஆனால் ஐ7-2670கியூஎம் போன்றவை 45 வாட். 35 வாட்டுக்குச் செய்த ஹீட்சிங்கில் 45 வாட் சிப்பைப் போட்டால் ஓடும், கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கொடுத்த காசுக்கு அர்த்தம் இல்லாமல் போகும். 65 வாட் அடப்டர் என்றால் அதுவும் திணறும். "நமக்கு என்ன, நுவரெலியாக் குளிர் இருக்கே" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில், கொழும்பில் 27 அளவில். அந்தப் பத்துப் பதினொரு பாகை சிப்புக்கு உண்மையிலேயே உதவும், மறுக்கவில்லை. ஆனால் போர்டில் கரண்ட் கொடுக்கும் பகுதிக்கும் அடப்டருக்கும் உள்ள எல்லையைக் குளிர் உயர்த்தாது. அதோடு நம் ஊர் ஈரத்தில் தூசி காய்ந்த தூளாக இருப்பதில்லை, ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் கம்பளித் துணி போலப் படிந்துவிடுகிறது. தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் இருந்து வரும் லெப்டொப் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தத் துணியை உரித்தெடுத்துப் புதுப் பேஸ்ட் போட்டதும் "அண்ணா, புரொசசர் மாத்தினீங்களா" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

அங்கிருந்துதான் நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். தங்கச்சி சூம் திறந்து லெப்டொப் திணறும் நேரத்தில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று எண்கள் இருக்கும். டிஸ்க் 100 வீதத்தில் நின்றுகொண்டு சிபியு 30, 40இல் இருந்தால், எந்த ஐ7 போட்டாலும் அந்தத் திணறல் போகாது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ரேம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கைத் துணைக்கு இழுக்கும், ஹார்ட் டிஸ்க்கோ சுற்றிச் சுற்றித் தேடும். சுற்றும் பாகம் இல்லாத டிஸ்க்கான எஸ்.எஸ்.டி ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். எஸ்.எஸ்.டி எந்தத் தலைமுறை என்று பார்க்காது, சாதாரண 2.5 அங்குல சாட்டா வகை போதும், நாளைக்கு இந்த லெப்டொப் செத்தாலும் கழற்றி வேறொன்றில் போடலாம். ரேம் வாங்கும்போது டிடிஆர்3 லெப்டொப் ரேம் என்று கேளுங்கள். 1.35 வோல்ட் வகை உங்கள் மெஷினில் 1.5 வோல்ட்டிலும் ஓடும். ஆனால் 1.5 வோல்ட் மட்டும் உள்ள பழைய ரேமை நண்பரின் 5005யூ லெப்டொப்பில் போட்டால் ஓடாது, அவருக்கு 1.35தான் வேண்டும். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் சிபியுவே 100இல் நின்றால் மட்டும் புரொசசரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் தூசி எடுத்துப் பேஸ்ட் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், எச்எம்65 போர்டுக்கு என் தெரிவு ஐ5-2520எம் அல்லது ஐ7-2640எம். இரண்டும் இரண்டாம் தலைமுறை, இரண்டு கோர், 35 வாட். உங்கள் ஐ3 2.3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, 2520எம் தேவைப்படும்போது 3.2 வரையும் 2640எம் 3.5 வரையும் ஏறும். சிப்செட் எச்எம்76 அல்லது 77 என்று வந்து, கையேட்டிலும் நான்கு கோர் சிப்பின் பெயர் இருந்தால், கண்டிக்காரரின் 3632கியூஎம் நல்ல தெரிவுதான்.

பாவித்த சிப் வாங்கும்போது பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பார்க்கக் கேளுங்கள். நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற சில்லில் மாடல் பெயரும், எஸ், ஆர் என்ற எழுத்துகளில் தொடங்கும் ஐந்து எழுத்துக் குறியீடும் இருக்க வேண்டும். கியூ எழுத்தில் தொடங்கினாலோ, 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தாலோ அது விற்பனைக்கு வராத சோதனைச் சிப், பயோஸ் ஏற்குமா என்று சொல்ல முடியாது. அந்தச் சில்லின் நான்கு மூலையும் உடையாமல் இருக்க வேண்டும். கீழே 988 பின்னையும் சாய்வாகப் பிடித்து வரிசையாகப் பாருங்கள், ஒன்று வளைந்திருந்தாலும் கோடு முறிந்தது போலத் தெரியும். மாட்டும்போது பேட்டரியையும் அடப்டரையும் எடுத்துவிட்டு, சொக்கெட் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பி, மூலையில் இருக்கும் பொன்நிற முக்கோணத்தைச் சொக்கெட்டின் அடையாளத்தோடு சேர்த்து வைத்தால் அது தானாக உள்ளே விழும். விரலால் அமுக்க வேண்டி வந்தால் எங்கோ பிழை, எடுத்துப் பாருங்கள்.

விண்டோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கும், ஆகவே இந்த சொக்கெட்டில் எந்தச் சிப்பைப் போட்டாலும் அங்கே போய்ச் சேர முடியாது. எஸ்.எஸ்.டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால் சூமும் டொக்கியுமென்ட் வேலையும் நன்றாகவே நடக்கும், தமிழில் தட்டச்சும் செய்யலாம். இன்னும் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு மெஷின் வேண்டும் என்று வீட்டில் நினைத்தால், புரொசசருக்கு வைத்திருக்கும் காசை அப்படியே வைத்துக்கொண்டு, பாவித்த எட்டாம் தலைமுறை லெப்டொப் ஒன்றுக்குச் சேர்ப்பதுதான் நான் என் தங்கச்சிக்குச் செய்திருப்பது.

கண்டிக்காரரிடம் இன்று ஒரு மெசேஜ் போடுங்கள். 'என் லெப்டொப்பில் இரண்டு மணித்தியாலம் ஓடாவிட்டால் மூன்று நாளுக்குள் திருப்பி எடுப்பீர்களா' என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம், லெப்டொப்பின் அடியில் உள்ள லேபல், சிபியு-இசட்டின் முதல் பக்கமும் மெயின்போர்ட் பக்கமும், சூம் ஓடும்போது டாஸ்க் மேனேஜர், இவற்றைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். வெள்ளிக்கிழமை இரவுக்குள் போட்டால், அவருக்கு நீங்கள் பதில் சொல்வதற்கு முன் நான் பார்த்துச் சொல்கிறேன்.